அவதானமும் ஆற்றலின் எல்லையும்

முன்னுரை

'என்னால் இவ்வளவுதான் இயலும்' என்பது மனிதன் தன்னைப் பற்றிக் கூறிக்கொள்ளும் கூற்றுகளுள் மிகப் பழையது. மிகக் குறைவாக ஆராயப்பட்டதும் அதுவே எனலாம். ஒருவர் தம் நிலத்தின் எல்லையைக் கூறும்போது எல்லைக்கல்லைக் காட்டுகிறார். பத்திரத்தை எடுத்து வைக்கிறார். தம் ஆற்றலின் எல்லையைக் கூறும்போது மட்டும் எந்தச் சான்றும் காட்டுவதில்லை. கேட்பவரும் சான்று கேட்பதில்லை.

இக்கூற்றுக்கு மறுமொழியாக, 'முயன்றால் முடியாதது இல்லை' என்னும் அறிவுரை மேடைதோறும் வழங்கப்படுகின்றது. கேட்கும் மாணவன் கைதட்டுகின்றான். மறுநாள் நூலைத் திறந்ததும் பழைய இடத்திலேயே நிற்கின்றான். எல்லை என ஒன்று உண்டா, உண்டெனின் அஃது எங்கே உள்ளது, அதனைக் கடத்தல் என்றால் யாது என்னும் வினாக்களுக்கு அவ்வறிவுரையில் விடை இல்லை. விடை காண வேண்டுமாயின், அளந்து பார்க்கத்தக்க ஓர் ஆற்றலை எடுத்துக்கொண்டு ஆராய்தல் வேண்டும். அத்தகைய ஆற்றல் நினைவாற்றல். அதனை ஒரு கலையாகவே வளர்த்த அவதான மரபையும், அம்மரபில் நூறு என்னும் படியை எட்டிய செய்குத்தம்பிப் பாவலரின் வாழ்வையும், நினைவு பற்றிய உளவியல் ஆய்வுகளையும், திருக்குர்ஆனை மனனம் செய்யும் ஹிப்ழு மரபையும் ஒருங்கு வைத்து நோக்கி, எல்லை கடத்தலின் இயல்பை அறிய முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவதானம்: சொல்லும் வகையும்

'அவதானம்' என்பது வடசொல். ஊன்றிய கவனம் என்பது அதன் பொருள். தமிழில் இதனைக் 'கவனகம்' என வழங்குவர். ஒரே அவையில், ஒரே வேளையில், பலர் பலவாறாக விடுக்கும் வினாக்களையும் செயல்களையும் உள்ளத்தில் வாங்கி, எதனையும் விட்டுவிடாமல் முறையாக விடையளிப்பது அவதானியின் பணி. எட்டுச் செயல்களை ஏற்பது அட்டாவதானம். பத்தை ஏற்பது தசாவதானம். பதினாறை ஏற்பது சோடசாவதானம். நூற்றை ஏற்பது சதாவதானம்.

அவதான அரங்கில் வழக்கமாக இடம்பெறுவன பல. ஒருவர் ஈற்றடி ஒன்றைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்வார். ஒருவர் ஒரு தொடரின் எழுத்துகளை நிரல் மாற்றி, இடையிடையே ஒவ்வொன்றாகத் தருவார். ஒருவர் கணக்கு வினவுவார்; ஒருவர் ஆண்டும் மாதமும் நாளும் கூறிக் கிழமை கேட்பார். பின்னால் நிற்பவர் அவதானியின் முதுகில் மலரோ சிறு கல்லோ எறிந்துகொண்டிருப்பார், வேறொருவர் மணியடித்துக்கொண்டிருப்பார். இறுதியில் மலர் எத்தனை, மணியோசை எத்தனை என்று கூறுதல் வேண்டும். இவற்றிற்கிடையே இலக்கிய ஐயம் எழுப்புவாரும் உண்டு.

தெலுங்கு நாட்டில் இக்கலை பெரிதும் பாவியற்றலையே மையமாகக் கொண்டு வளர்ந்தது. அங்கே வினா விடுப்போரைப் 'பிருச்சகர்' என்பர். சதாவதானத்தில் நூறு பிருச்சகர் நூறு பொருள் பற்றிப் பாடல் வேண்டுவர். அவதானி ஒவ்வொருவர்க்கும் முதலடி மட்டும் கூறிச் செல்வார். நூறு முதலடிகளும் முடிந்தபின் இரண்டாம் சுற்றில் இரண்டாமடி. இவ்வாறே நான்கு சுற்றுகள். பின்னர் எழுத்துத் துணை எதுவுமின்றி நூறு பாடல்களையும் முழுமையாகச் சொல்லிக் காட்டுவார். இதற்குத் 'தாரணை' என்று பெயர். திருப்பதி வேங்கட கவுலு எனப் புகழ்பெற்ற இரட்டைப் புலவர்கள் இக்கலையில் பெருஞ்சிறப்புற்றவர்கள். தெலுங்கு அட்டாவதானத்தில் 'அப்ரஸ்துத பிரசங்கம்' என்று ஓர் உறுப்பு உண்டு. தொடர்பற்ற வேடிக்கைப் பேச்சுகளை இடையிலே எழுப்பி அவதானியின் கவனத்தைக் கலைப்பதே அதற்குரியவரின் கடமை! வாழ்க்கை நமக்குக் கட்டணமின்றிச் செய்துவரும் இப்பணிக்கு, அவர்கள் மேடையில் தனியே ஓர் ஆளை நியமித்திருக்கின்றனர்.

இவ்விளக்கத்தில் நாம் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. நூறு என்பது ஒரு கணத்தில் ஒருசேர வரும் நூறு அன்று. சுற்றுக்குச் சுற்று, அடிக்கு அடி, பகுத்துத் தரப்பட்ட நூறு. ஒரு கணத்தில் அவதானியின் உள்ளம் ஒரு பொருளின்மேலேயே நிற்கின்றது. அதனை உரிய இடத்தில் வைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்கின்றது. மீண்டு வரும்போது வைத்த இடத்திலேயே அதனைக் காண்கின்றது. கூட்டம் வியப்பது எண்ணிக்கையை. கலையின் உயிரோ வைப்பு முறையில் இருக்கின்றது.

செய்குத்தம்பிப் பாவலர்

தமிழில் சதாவதானி என்றவுடன் நம் நினைவில் எழுபவர் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர். அவர் 1874ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள், இன்றைய நாகர்கோவில் நகரைச் சேர்ந்த இடலாக்குடியில் பிறந்தார். தந்தையார் பக்கீர் மீரான் சாகிபு. தாயார் அமீனா அம்மையார். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் முதல் நாளில்தான். பள்ளியிலே மலையாளமே பயிற்றுமொழி. ஆகவே பாவலர் எழுத்தறிவு பெற்றது மலையாளத்தில். தமிழ் இலக்கண இலக்கியங்களை அவர் பள்ளிக்கு வெளியே, சங்கரநாராயண அண்ணாவி என்னும் ஆசிரியரை அடுத்துக் கற்றார்.

இச்செய்தியை நாம் எளிதாகக் கடந்து செல்லலாகாது. பள்ளி தமிழ் கற்பிக்கவில்லை. அதுவே அக்காலச் சிறுவன் ஒருவனுக்கு இயல்பாக அமைந்த எல்லை. 'எனக்கு வாய்த்தது மலையாளம்' என்று அச்சிறுவன் அமைந்திருந்தால் அவனைக் குறைகூறுவார் யார்? அவ்வெல்லை அவனுடைய அறிவில் இருந்ததன்று; அவனுக்குக் கிடைத்த வழியில் இருந்தது. வழி மாறியதும் எல்லை மாறியது. ஓர் இசுலாமியச் சிறுவனுக்கு ஓர் அண்ணாவியார் தமிழைத் திறந்து காட்டினார் என்பதும் போற்றத்தக்கது. எல்லை கடத்தல் என்பது தனி ஒருவரின் வீரச் செயலாக மட்டும் நிகழ்வதில்லை. கதவைத் திறப்பார் ஒருவரும் வேண்டும்.

இளமையிலேயே செய்யுள் இயற்றும் திறம் கைவரப்பெற்ற பாவலர், பின்னர்ச் சென்னை சென்று அச்சகம் ஒன்றில் பதிப்புப் பணியில் அமர்ந்தார். உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்டது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் முப்பெருங் காண்டங்களாக அமைந்தது. அதனைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டு அதற்கு உரையும் கண்டார் பாவலர். எழுத்தெழுத்தாக, சீர்சீராக அப்பெருநூலைப் பார்த்த கண்ணும், பாடலுக்குப் பாடல் பொருள் தேடிய உள்ளமும் பெற்ற பயிற்சி எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை ஒரே ஒரு படலத்தையேனும் மெய்ப்புப் பார்த்தவர் உணர்வர்.

1907ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் பாவலர் சதாவதானம் நிகழ்த்தி 'மகாமதி சதாவதானி' எனப் போற்றப்பெற்றார். அப்போது அவருக்கு அகவை 32. அந்நாளில் தமிழ்நாட்டை இரு அணியாக்கிய அருட்பா–மருட்பா வழக்கில், வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவே என்னும் தரப்பில் நின்று அவர் மேடையேறினார். எதிர்த்தரப்பில் முன்னின்ற யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளையும் சதாவதானி எனப் பட்டம் பெற்றவரே. நினைவாற்றலில் ஒரு படியில் நின்றவர்கள் கொள்கையில் இரு கரையில் நின்றனர். நினைவின் பெருக்கம் ஒன்றே ஒருவரின் நிலைப்பாட்டை வகுத்துவிடுவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று. ஒரு முசுலிம் புலவர் வள்ளலாருக்காக வாதிட்டது, நினைவின் எல்லையைக் கடந்ததினும் பெரிய கடத்தல் என்பது நம் கருத்து.

திருக்கோட்டாற்றுக் கலம்பகம், கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழ், சம்சுத்தாசீன் கோவை, நபிகள் நாயக மான்மிய மஞ்சரி முதலியன அவர் இயற்றிய நூல்கள். 1950 பிப்ரவரி 13ஆம் நாள் அவர் மறைந்தார். இடலாக்குடியில் உள்ள அரசுப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தமிழைப் பள்ளிக்கு வெளியே தேடிச் சென்ற ஒருவரின் பெயரால் ஒரு பள்ளி அமைந்திருப்பது எண்ணத்தக்கது.

யாப்பு என்னும் பேழை

பாவலர் போன்றோர்க்கு நினைவின் கருவியாக அமைந்தது யாதென வினவின், யாப்பே எனல் வேண்டும். அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை, அடுத்த அடியின் தொடக்கத்தை முன்னமே குறிப்பால் உணர்த்திவிடுகின்றது. மோனை சீர்களை இணைக்கின்றது. வெண்பாவின் தளைக்கட்டு, பொருந்தாத சொல்லைத் தானே புறந்தள்ளுகின்றது. அந்தாதியில் ஒரு பாடலின் ஈறே அடுத்த பாடலின் முதலாகி, நூறு பாடல்களையும் ஒரு சங்கிலியாக்குகின்றது. கலம்பகம் பதினெட்டு உறுப்புகளாகவும், பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்களாகவும் பகுக்கப்பட்டிருப்பதும் நினைவுக்கு நல்ல துணையே. ஓலையும் எழுத்தாணியும் எல்லார்க்கும் எளிதில் கிட்டாத காலத்தில் நம் முன்னோர் செய்யுளை ஒரு பேழையாகப் பயன்படுத்தினர். பேழையில் அடுக்கிய துணி அதிகம் கொள்வதும், மூட்டையாகக் கட்டிய துணி குறைவாகவே கொள்வதும் நாம் அறிந்ததே.

ஆயினும் மேடையில் நாம் காண்பது விளைவை மட்டுமே. பயிற்சி நாளுக்கு நாள் ஒரு மனிதனின் உள்ளே செய்யும் மாற்றத்தைக் காண வேண்டுமாயின், அதனைப் பொறுமையோடு எண்ணிக் குறித்துவைத்த ஓர் ஆய்வுக்கூடத்தை நாம் நாட வேண்டியுள்ளது.

ஏழு எண்களிலிருந்து எழுபத்தொன்பது வரை

ஒருமுறை கேட்டவுடன் பிழையின்றித் திருப்பிச் சொல்லத்தக்க எண்கள் எத்தனை என்று வினவினால், பெரும்பாலோர்க்கு ஏழு அளவில் நின்றுவிடும். அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை இவ்வேழு என்னும் எண்ணைப் பற்றியதே. ஏழு என்பது ஏழு எழுத்தா, ஏழு சொல்லா என்பதை அவர் ஆராய்ந்தார். உள்ளம் எண்ணுவது எழுத்தையோ சொல்லையோ அன்று. தான் ஒன்றாகக் கட்டிக்கொண்ட 'கட்டு' ஒவ்வொன்றையுமே அது ஒன்றாக எண்ணுகின்றது என்றார். பிற்கால ஆய்வாளர் நெல்சன் கோவன் 2001இல், கட்டுகளின் அளவு நான்கு என்பதே பொருந்தும் என எடுத்துரைத்தார். ஏழாயினும் நான்காயினும், ஓர் எல்லை மெய்யாகவே உள்ளது என்பதில் ஐயமில்லை.

இவ்வெல்லையின்மேல் நிகழ்ந்த ஒரு சோதனை நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. அமெரிக்காவின் பிட்சுபர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆண்டர்சு எரிக்சன், வில்லியம் சேசு ஆகிய ஆய்வாளர்கள், எஸ்.எஃப். என்னும் முதலெழுத்துகளால் குறிக்கப்பட்ட மாணவர் ஒருவருக்குப் பயிற்சி அளித்தனர். அவர் நினைவாற்றலும் அறிவுத்திறனும் சராசரி அளவினவே. நொடிக்கு ஒன்றாக எண்கள் படிக்கப்படும். அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த முறை ஓர் எண் கூடும். தவறினால் ஓர் எண் குறையும். வாரத்திற்கு மூன்று முதல் ஐந்து நாள்கள், நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். தொடக்கத்தில் ஏழு எண்களோடு நின்ற அம்மாணவர், 230 மணி நேரத்திற்கும் மேற்பட்ட பயிற்சியின் முடிவில் 79 எண்களைத் திருப்பிச் சொன்னார். 1980இல் 'சயன்ஸ்' இதழில் இம்முடிவு வெளியாயிற்று.

இவ்வளவோடு நிறுத்தினால் இதுவும் ஒரு மேடைக் கதையாகிவிடும். எவ்வாறு நிகழ்ந்தது என்பதே பாடம். அம்மாணவர் நெடுந்தொலைவு ஓட்டக்காரர். 3492 என்னும் எண்களைக் கேட்டவுடன் அவற்றை 'மூன்று நிமிடம் 49.2 நொடி; ஒரு மைல் ஓட்டத்தின் உலகச் சாதனைக்கு அணித்தான நேரம்' என்று கட்டிக்கொண்டார். நான்கு எண்கள் ஒரு கட்டாயின. ஓட்ட நேரமாகப் பொருள்படாத எண்கள் வந்தபோது அவற்றை ஒருவரின் வயதாகக் கொண்டார். 893 என்பது 89.3 அகவையுடைய முதியவர் ஆயிற்று. பின்னர்க் கட்டுகளையே தொகுத்துப் பெருங்கட்டுகளாக்கினார். தாம் ஏற்கெனவே நன்கு அறிந்திருந்த துறையைக் கொண்டு, அறியாத ஒன்றை அவர் பற்றிக்கொண்டார்.

இன்னும் வியப்பான செய்தி இதன் பின்னே உள்ளது. எண்களில் பெருந்திறம் பெற்றுவிட்ட அவரிடம், எண்களுக்கு மாறாக மெய்யெழுத்துகளைத் தந்து சோதித்தனர். அவரது அளவு ஆறு என்னும் அளவுக்கு இறங்கிவிட்டது! எண்களிலுங்கூட, கட்டாமல் வெறும் ஒலியாக அவர் நாவில் வைத்துக்கொண்டது ஒருபோதும் ஆறுக்கு மேற்படவில்லை. அதாவது, பிறப்பில் அமைந்த அந்தச் சிறு கொள்கலம் அப்படியே இருந்தது. மாறியது, அதில் இடப்படும் பொருளைக் கட்டும் முறை.

ஆகவே எல்லை உண்டு என்பாரும், எல்லை இல்லை என்பாரும் ஒருபாதி உண்மையே கூறுகின்றனர். அவ்வெல்லையை முட்டி உடைத்தார் ஒருவரும் இல்லை. அதனைச் சுற்றிப் பாதை அமைத்தவர்கள் உளர்.

தேக்கம் என்னும் அறிகுறி

எஸ்.எஃப். நாள்தோறும் சீராக முன்னேறவில்லை. சில இடங்களில் நின்றார். புதிய வகைக் கட்டு ஒன்றைக் கண்டபின் மீண்டும் நகர்ந்தார். கற்றலில் நேரும் இத்தகைய தேக்கத்தை, தந்திச் செய்தி கற்போரை ஆராய்ந்த பிரையன், ஹார்ட்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1897இலும் 1899இலும் வெளியிட்ட கட்டுரைகளிலேயே விளக்கியுள்ளனர். தந்தி கேட்கப் பழகுவோர் முதலில் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்கின்றனர். அதில் வேகம் பெற்றபின் நெடுநாள் அசையாமல் நிற்கின்றனர். பின்னர்ச் சொல்லைச் சொல்லாகவும், தொடரைத் தொடராகவும் கேட்கத் தொடங்கும்போது திடீரென முன்னேறுகின்றனர். எல்லாக் கற்றலிலும் இத்தேக்கம் தவறாது தோன்றும் என்பதைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. எனினும் தோன்றும் இடத்தில் அதன் பொருள் யாது என்பது நமக்குப் பயன்படும்.

தேக்கத்தில் நிற்பவர், 'இதுவே என் எல்லை' என்று முடிவு செய்கின்றார். பெரும்பாலும் அங்கே முடிந்திருப்பது அவரது ஆற்றல் அன்று. அவர் அதுவரை கையாண்ட முறையின் பயன். எழுத்தெழுத்தாகக் கேட்கும் முறை தரக்கூடிய வேகம் அவ்வளவே. அம்முறையிலேயே இரு மடங்கு உழைத்தாலும் சிறிதே கூடும். 'இன்னும் முயல்க' என்னும் அறிவுரை பலருக்குப் பயன்படாமற் போவதன் காரணம் இதுவே. அவர்க்குக் கூற வேண்டியது 'வேறு வகையில் முயல்க' என்பதாகும்.

ஹிப்ழு மரபு காட்டும் நெறி

நம்மிடையே நாம் நாள்தோறும் காணும் ஒரு சாதனை உண்டு. பழகிப்போனமையால் அதன் அருமை தெரிவதில்லை. திருக்குர்ஆன் 114 அத்தியாயங்களும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வசனங்களும் கொண்டது. ஓதுதற்கு எளிதாக 30 பாகங்களாகப் பகுக்கப்பட்டது. அரபு தாய்மொழியல்லாத நம் ஊர்ச் சிறுவர்கள் அதனை முழுமையாக மனனம் செய்து ஹாபிழ்களாகின்றனர். தொடக்க நாளில் அச்சிறுவனிடம் முழு நூலையும் காட்டி, 'இதனை மனனம் செய்வாயா?' என்றால் அவன் அஞ்சியே நிற்பான். மதரஸாவில் எவரும் அவ்வாறு கேட்பதில்லை. அன்றைய பாடம் சில வரிகள், அவ்வளவே.

அங்கே பாடம் மூன்று கூறாக நடைபெறுகின்றது. அன்று புதிதாகக் கற்பது ஒன்று. அண்மை நாள்களில் கற்றதைத் திரும்ப ஒப்பிப்பது இரண்டு. முன்னரே முடித்த பாகங்களை முறைவைத்து ஓதி வருவது மூன்று. முதலாவது கூறினும் பின்னிரு கூறுகளுக்கே உழைப்பு மிகுதி. ஒரே அச்சுப் பிரதியையே இறுதிவரை பயன்படுத்துமாறு ஆசிரியர் வற்புறுத்துவர். வசனம் பக்கத்தின் எந்த இடத்தில் உள்ளது என்பதும் நினைவுக்குத் துணையாகின்றது. ரமலான் இரவுகளில் தராவீஹ் தொழுகையில் ஹாபிழ் ஓதுகையில், பின்னே நிற்கும் மற்றொரு ஹாபிழ் பிழை நேரின் எடுத்துக் கொடுக்கின்றார். ஆண்டுதோறும் ஊரார் முன்னிலையில் நிகழும் தேர்வு அது.

ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். கற்றவுடன் மறதி விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் நிகழ்கின்றது என்பதும், ஒரே மூச்சில் கற்பதினும் இடைவெளி விட்டுத் திரும்பக் கற்பது நிலைக்கும் என்பதும் அவர் கண்ட முடிவுகள். குர்ஆனை மனனம் செய்தவரைக் கட்டப்பட்ட ஒட்டகத்தின் உரிமையாளருக்கு ஒப்பிடும் நபிமொழி ஒன்று ஸஹீஹுல் புகாரியில் உண்டு. பேணினால் தங்கும், விட்டால் போய்விடும் என்பது அதன் கருத்து. எல்லையைக் கடப்பது ஒரு நாளில் முடியும் செயலன்று. கடந்த இடத்தைக் காத்துக்கொள்ளுதலும் அதன் பகுதியே என்பதை இம்மரபு நமக்கு உணர்த்துகின்றது.

திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தின் நிறைவு வசனம், எந்த ஆன்மாவின்மீதும் அதன் சக்திக்கு மேற்பட்ட பொறுப்பு சுமத்தப்படுவதில்லை என்னும் கருத்தைத் தருகின்றது. இதனை ஆறுதலாகக் கொள்வது முறை. சிலர் இதனை ஓய்வுக்கு அனுமதியாகக் கொள்கின்றனர். அவ்வசனம் இறைவனின் நீதியைப் பேசுகின்றது. நம் சக்தி இவ்வளவே என்று அளந்து சொல்லவில்லை. சுமந்து பார்க்கும் முன்னரே சுமையின் அளவை நாமாகக் குறைத்துக்கொள்வதற்கு அதில் இடமில்லை.

நன்னூலும் வள்ளுவமும்

கற்றலைப் படிப்படியாகப் பகுத்துக் காட்டும் பெருமை நம் நன்னூலுக்கும் உண்டு. ஆசிரியர் கூறியதை நன்கு ஏற்றுக்கொண்டாலும் மாணவன் பெறுவது காற்பங்கே என்கிறார் பவணந்தியார். உடன் கற்பாரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு. தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. வகுப்பில் விளங்கவில்லை என்று சோர்வுறும் மாணவன் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். வகுப்பில் முழுமையும் விளங்காமை அவனுடைய குறை அன்று. அங்கே கிடைக்கக்கூடியது காற்பங்கே. அதனையே முழுமை என்று கருதி, 'எனக்கு வராது' என்று முடிவு கட்டுவதே குறை.

வள்ளுவர் ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை என்னும் அதிகாரங்களைப் படைத்தவர். அவற்றிற்கு முன்னரே வலியறிதலையும் வைத்தவர் என்பதை மறத்தலாகாது. மரத்தின் நுனிக்கொம்பர் ஏறினார் அதனையும் கடந்து ஊக்கின் உயிர்க்கு இறுதியாகும் என எச்சரிப்பதும் அவரே. உறக்கத்தைக் கெடுத்து உடலை வருத்துவதும், கடனாகப் பெற்ற பொருளைக்கொண்டு தகுதிக்கு மீறி ஆடம்பரம் செய்வதும் எல்லை கடத்தல் ஆகா. வலியறிதலும் ஊக்கமும் முரண்பட்டவை அல்ல. தன் வலியைச் சான்றோடு அறிந்தவனே எங்கே நிற்பது, எங்கே பாதையை மாற்றுவது எனத் தெளிவான்.

மாணவர்க்குச் சில

நம் துறைக்கு வரும் மாணவர் பலர், தம் குடும்பத்திலிருந்து கல்லூரி வாயிலை முதன்முதலாக மிதிப்பவர்கள். விரும்பிய பாடம் கிடைக்காமல் தமிழுக்கு வந்தோர் உளர். 'ஐயா, எனக்குச் செய்யுள் மனத்தில் நிற்காது' என்பது நாம் ஆண்டுதோறும் கேட்கும் தொடர். அதே மாணவர், கடந்த பல ஆண்டுகளின் கிரிக்கெட் ஓட்டக் கணக்கை ஆட்டக்காரர் வாரியாக ஒப்பிக்கின்றார். திரைப்பாடலின் முதற்சொல்லைக் கேட்டதும் முழுப்பாடலையும் பாடுகின்றார். நினைவு அவரிடம் உள்ளது. செய்யுளுக்கு அங்கே கட்டு அமையவில்லை, அவ்வளவே.

அவர்களுக்கு நாம் கூறுவன நான்கு. முதலாவது, எல்லையை அளந்து பார்க்க வேண்டும். 'வராது' என்னாமல், 'பத்து நிமிடத்தில் எத்தனை அடி வருகின்றது?' எனக் குறித்துவைக்க வேண்டும். எண் தெரிந்தபின் அச்சம் குறையும். இரண்டாவது, அறிந்ததைக் கொண்டு அறியாததைக் கட்ட வேண்டும். எதுகையைக் கொக்கியாகக் கொள்ளலாம். காப்பியக் காட்சியைத் தம் ஊர்த் தெருவில் வைத்துப் பார்க்கலாம். மூன்றாவது, தேக்கம் வரும்போது நேரத்தைக் கூட்டுவதற்கு முன் முறையை மாற்ற வேண்டும். எழுதிப் படித்தவர் உரக்கச் சொல்லலாம், தனியே படித்தவர் நண்பருக்குக் கற்பிக்கலாம். நான்காவது, பெற்றதைத் திரும்பத் திரும்ப ஓதிக் காக்க வேண்டும்.

மாணவர்க்கு மட்டுமன்றி ஆசிரியராகிய நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. 'இவன் இவ்வளவுதான்' என்று ஒரு மாணவனைப் பற்றிக் கூறுமுன், அவனுக்கு எத்தனை வழிகளைத் திறந்து காட்டினோம் என்று எண்ண வேண்டும். சங்கரநாராயண அண்ணாவியார் ஒரு கதவைத் திறந்திராவிடில் விக்டோரியா மண்டபத்தின் மேடை இல்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், மனித ஆற்றலுக்கு எல்லை உண்டு என்பதும், ஆயின் நாம் நிற்கும் இடம் பெரும்பாலும் அவ்வெல்லை அன்று, நாம் கைக்கொண்ட முறையின் முடிவே என்பதும் பெறப்படும். பகுத்துக் கட்டுதல், முறை மாற்றுதல், மீண்டும் ஓதிப் பேணுதல் என்னும் மூன்றே அவதானியும், ஆய்வுக்கூடத்து மாணவரும், ஹாபிழாகும் சிறுவனும் கண்ட வழி.

இவ்வளர்ச்சிக்கும் ஓர் அளவுண்டு என்பதை எஸ்.எஃப். வரலாறு நினைவூட்டுகின்றது. எண்களில் வல்லவர் எழுத்துகளில் மீண்டும் தொடக்க நிலையில் நின்றார். ஒரு துறையில் எல்லை கடந்தவர் மற்றெல்லாத் துறையிலும் கடந்தவர் ஆகார். ஒவ்வொரு துறையிலும் அவர் மீண்டும் மாணவரே. இதனை உணர்ந்தவரிடம் செருக்குத் தோன்றாது. பாவலர் நூறு கவனகம் நிகழ்த்தியது ஒரு நாள். அவர் சீறாவுக்குக் கண்ட உரையும் பாடிய நூல்களும் இன்றும் நம் கையில் உள்ளன. பெற்ற ஆற்றலைப் பிறர்க்குப் பயன்படும் பணியாக மாற்றும்போதுதான் எல்லை கடத்தல் வளர்ச்சி என்னும் பெயரைப் பெறுகின்றது.